ஓசையற்ற அபாயம்

அமெரிக்க வீடுகளில், ஏறி அமர்ந்து ஓட்டிப் புல்தரையை வெட்டும் யந்திரங்கள் உண்டு. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரைத் தாமே பொருத்திக்கொள்ளும் இல்லறத்தார் அங்கே உளர். இது வீண் ஆசையன்று. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1969-ஆம் ஆண்டிலேயே 6 வோல்ட் பாட்டரிகள் ஆறைக் கோத்து, 36 வோல்ட்டில் ஓடும் 'எலெக்-ட்ராக்' வண்டியை விற்கத் தொடங்கினர்.

எஞ்சினுக்குப் பதில் மோட்டார். பெட்ரோல் தொட்டிக்குப் பதில் பாட்டரி. இடையே காவலாக ஒரு பியூஸ். புகை இல்லை, இரைச்சலும் குறைவு. ஆனால் அபாயம் அந்த அமைதியிலேயே ஒளிந்திருக்கிறது என்போம் நாம். எஞ்சின் நின்றதைக் காது சொல்லிவிடும். மோட்டாரோ, நின்றிருக்கும்போதும் ஓசையின்றிச் சுழலக் காத்திருக்கும்!

ஓட்டுபவர் எழுந்தால் கத்தியை நிறுத்துவதற்கென்றே ஆசனத்தின் அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. பழைய கம்பிகளை அறுத்தெறியும் உற்சாகத்தில் அதையும் எறிந்துவிடுதல் எளிது. குழந்தைகள் ஓடியாடும் தோட்டமல்லவா? மோட்டார் சுழல்வதைக் கண்டு மகிழுமுன் அந்த ஸ்விட்சைப் புதிய இணைப்பில் சேர்க்க வேண்டும். கத்தியைத் தொடுமுன் பாட்டரிக் கம்பியைக் கழற்ற வேண்டும்.

நாம் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு: புதியதைச் செய்பவன், பழையதில் எது காவலாய் நின்றது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.