வோல்ட் உயர்ந்தால் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே அதன் உதிரிப் பாகங்களைக் கழற்றி மாட்ட ஆரம்பித்து விடுவார்கள். நல்ல பழக்கம்தான். அப்படிக் கழற்றும்போது முதலில் கையில் கிடைப்பது கேபினெட் ஃபேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இதை பேட்டரியில் ஓட்டினால் மேசைக்குக் காற்று வருமே என்ற ஆசையும் கூடவே வரும். ஃபேனுக்குத் தேவை 12 வோல்ட். லித்தியம் செல் தருவதோ 3.7 வோல்ட். "ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டு, வேலை முடிந்தது" என்று நண்பர் யாராவது சொல்வார்.

வேலை முடிவதில்லை. பூஸ்ட் கன்வெர்ட்டர் என்பது கடைசியாக யோசிக்க வேண்டிய பொருள். பலர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள் என்பது என் கருத்து.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். எஞ்சினியரிங் படித்தவன் என்பதால் தெரிந்தவர்கள் இது பற்றி என்னிடம் கேட்பதுண்டு. எல்லோரும் கேட்பது "எத்தனை வோல்ட் வரும்?" என்றுதான். "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டியது அதுதான்.

இந்தச் சிறிய போர்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதில் ஒரு கம்பிச்சுருள், ஒரு எலெக்ட்ரானிக் சுவிட்ச், ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். சுவிட்ச் மூடும்போது கம்பிச்சுருளில் ஆற்றல் சேர்கிறது. திறக்கும்போது அந்த ஆற்றல் பேட்டரியின் வோல்டேஜுடன் சேர்ந்து டயோடு வழியாக வெளியேறுகிறது. இது விநாடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கும். உங்கள் மதர்போர்டிலும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் 12 வோல்ட்டைக் குறைத்து, ப்ராசசருக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டைத் தருகிறார். இருவருக்கும் ஒரே விதிதான். வோல்டேஜை மாற்றலாம், ஆற்றலை உருவாக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கு. ஃபேனின் லேபிளில் 12 வோல்ட், 0.15 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 1.8 வாட். உங்கள் செல் 2500 எம்.ஏ.எச். இதை 150 மில்லி ஆம்பியரால் வகுத்து, 16 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. 2500 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட்டில் உள்ள அளவு. எனவே செல்லில் இருப்பது 9.25 வாட் மணி. கன்வெர்ட்டர் 85 சதவீதத் திறனுடன் வேலை செய்தால் செல்லிலிருந்து 2.1 வாட் இழுக்கும். ஃபேன் ஓடுவது நாலரை மணி நேரம் கூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. செல் தீரத் தீர அதன் வோல்டேஜ் குறையும். ஆனால் வெளியே 12 வோல்ட் குறையக் கூடாது. எனவே கன்வெர்ட்டர் அதிக கரண்டை இழுத்து ஈடுகட்டும். 3.7 வோல்ட்டில் 0.57 ஆம்பியர் என்றால், 3 வோல்ட்டில் 0.7 ஆம்பியர். களைத்த மாட்டின் மேல் கூடுதல் மூட்டை ஏற்றுவது போலத்தான் இது!

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எம்.டி.3608 சிப் உள்ள போர்டு, 2 வோல்ட் வரை வேலை செய்யக் கூடியது. லித்தியம் செல்லோ பொதுவாக 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உள்ளே சேதமாகும். அந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். போதும் என்று போர்டு தானாக நிறுத்தாது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லுடன் இதை இணைத்து, குழந்தைகள் தூங்கும் அறையில் ஓட விடுவது விஷப்பரீட்சை.

சரி, பவர் பேங்க் இருக்கிறதே, அதனுடன் 12 வோல்ட் கேபிளை இணைக்கலாமா? இணைக்கலாம். ஆனால் பவர் பேங்குக்குள்ளேயே 5 வோல்ட்டாக உயர்த்தும் ஒரு கன்வெர்ட்டர் உண்டு. கேபிளில் இருப்பது இரண்டாவது. முதலாவது 90 சதவீதம், இரண்டாவது 85 சதவீதம் என்றால், கடைசியில் ஃபேனுக்குப் போய்ச் சேருவது 77 சதவீதத்துக்கும் குறைவு.

அப்படியானால் என்ன செய்வது? பேட்டரிக்கு ஏற்ற ஃபேனைத் தேர்ந்தெடுங்கள். பவர் பேங்க் இருந்தால் 5 வோல்ட் யு.எஸ்.பி. ஃபேன் வாங்குங்கள். இரண்டாவது கன்வெர்ட்டரே தேவையில்லை. 12 வோல்ட் ஃபேன்தான் இருக்கிறது என்றால், ஆறு ரீசார்ஜபிள் ஏஏ செல்களைத் தொடராக இணைத்து 7.2 வோல்ட்டில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஃபேன்கள் மெதுவாக ஓடும், சத்தமும் குறையும். காற்று பாதியை விடச் சற்று அதிகமாக வரும். ஆனால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் 60 சதவீதமானால் சக்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகி விடும். மோட்டாரின் இழப்பைச் சேர்த்தாலும் லாபம் பெரிது. காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பல மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

முழு வேகம் வேண்டும் என்பவர்கள் பூஸ்ட் கன்வெர்ட்டரைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லையே வாங்குங்கள். ஃபேனை இணைக்கும் முன் மல்டிமீட்டர் வைத்து வெளியீட்டை 12 வோல்ட்டுக்குத் திருகி அமையுங்கள். இந்த போர்டுகளில் 20 வோல்ட்டுக்கு மேலும் வரும். பேட்டரிப் பக்கம் ஒரு ஃப்யூஸ் போடுங்கள். சாதாரண பூஸ்ட் சர்க்யூட்டில் வெளியே ஷார்ட் ஆனால், சுவிட்ச் நின்றாலும் கம்பிச்சுருள், டயோடு வழியாகக் கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் எம்.ஏ.எச். எண்ணைப் பெரிதாகப் போடுவதை விட, வாட் மணியைப் பெரிதாகப் போடுங்கள். விமானத்தில் கொண்டு செல்லும் பேட்டரிக்கு 100 வாட் மணி என்றுதான் வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே பயன்படும் அளவு வீட்டுக்கும் பயன்படும்.

அதுவரை கடையில் நீங்களே கேளுங்கள்: "எத்தனை வாட் மணி?" பதில் வரவில்லை என்றால் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பார்த்து விட்டுப் பணத்தைக் கொடுங்கள்.