எடை மீண்டும் கூடினால் இரண்டாவது அறுவை சிகிச்சைதான் தீர்வா?

திருவனந்தபுரம்: உடல் பருமனுக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் எடை மீண்டும் கூடிவிடுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு, மறுபடியும் அறுவை சிகிச்சை மேசைக்குச் செல்வதா என்ற கேள்வி அவர்கள் முன் நிற்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள கேரளப் பெண்களில் 38.1 சதவீதம் பேரும், தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். எனவே இவ்விரு மாநிலங்களிலும் இக்கேள்வி இனி அடிக்கடி எழும்.

எடை திரும்பினால் 'வாயைக் கட்டவில்லை' என்று நோயாளி மீதே பழி விழுகிறது. நீண்டகால ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஆய்வில், பைபாஸ் முறையில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 32 சதவீதமாக இருந்த எடைக்குறைவு, 10 ஆண்டுகளில் 25 சதவீதமாகச் சுருங்கியது. அதாவது 120 கிலோ எடையிலிருந்து 38 கிலோ குறைந்த ஒருவர், அதில் 8 கிலோவைத் திரும்பப் பெறுவது சராசரிக்குள் அடங்கும். உடலின் பசி தூண்டும் இயக்கமே இழந்த எடையை மீட்க முயல்கிறது. பிரசவம், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுவது, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குழாய் வடிவாக்கும் ஸ்லீவ் முறை. பின்லாந்தில் 10 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு அமிலம் மேலேறியதால் உணவுக்குழாய் அழற்சி காணப்பட்டது; பைபாஸ் செய்துகொண்டவர்களில் இது 7 சதவீதம் மட்டுமே. எடை கூடியதோடு கடும் நெஞ்செரிச்சலும் உள்ளவருக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதில் மருத்துவ நியாயம் உண்டு. எண்டோஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே ஆகியவற்றில் இரைப்பை விரிவடைந்திருப்பது தெரிந்தாலும் அப்படியே. உறுப்பு சரியாக இருந்து, நொறுக்குத் தீனியாலும் இனிப்புப் பானங்களாலும் எடை ஏறியிருந்தால், கத்தி அதைச் சரிசெய்யாது. மறு அறுவையில் கசிவு, தொற்று போன்ற ஆபத்துகள் முதல்முறையைவிட அதிகம்; குறையும் எடையோ பெரும்பாலும் முதல்முறையைவிடக் குறைவு.

ஆகவே எங்கே செய்துகொள்வது என்பதும் முக்கியமாகிறது. சென்னையில் 2024 ஏப்ரலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட புதுச்சேரி இளைஞர் உயிரிழந்ததையடுத்து, தமிழக சுகாதாரத் துறை விசாரணைக் குழு அமைத்தது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 2025 பிப்ரவரியில் தனியார் மையம் ஒன்றில் வயிற்றுக் கொழுப்பை அகற்றிக்கொண்ட பெண் பொறியாளர், அதன் பின் ஏற்பட்ட பாதிப்பால் 9 விரல்களை இழந்தார். பின்னது அழகியல் சிகிச்சை. இரைப்பை அறுவையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எனினும், தீவிர சிகிச்சை வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டியதன் அவசியம் இரண்டுக்கும் பொது.

அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பு அதிகம் பேசப்படுவதில்லை. பைபாஸுக்குப் பின் இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12 மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தேவை. நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு மணி நேர வேலை. அகத்தியர்மலை அடிவாரத்தில், மாவட்டத் தலைநகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போனக்காடு போன்ற தோட்டப் பகுதியில் நிலைமை வேறு. தேயிலைத் தோட்டம் நலிவடைந்து ஊதிய நிலுவையில் தவித்த அந்தத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், சிறப்பு மருத்துவரைப் பார்க்க விதுரா, நெடுமங்காடு வழியாகத் தலைநகர் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போகும். இத்தகைய ஊரிலிருந்து வரும் நோயாளியிடம் தொடர் கண்காணிப்பு எப்படி நடக்கும் என்று கேட்காமல் இரண்டாவது அறுவைக்குத் தேதி குறிப்பது பொறுப்பாகாது.

காப்பீடும் கைகொடுப்பது கடினம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகளின்படி, உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தொட வேண்டும். அல்லது குறைந்தது 35 ஆக இருந்து, இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவை இருக்க வேண்டும். 28 வரை இறங்கி மீண்டும் 33-க்கு ஏறியவர் இந்த வரம்புக்குள் வரமாட்டார். நெஞ்செரிச்சலும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கிடையே மருந்து வழியும் திறந்துள்ளது. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாக்ளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப் பின் எடை கூடியவர்களுக்கும் மருத்துவர்கள் இவ்வகை ஊசிகளைப் பரிந்துரைக்கின்றனர். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் இதுவும் நீண்டகாலச் செலவுதான். ஆனால் செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை மட்டுமே. உள்நாட்டு நிறுவனங்களின் போட்டியால் விலை இறங்கினால், மறு அறுவைக்கு முன் ஊசியை முயன்று பார்ப்பது பலருக்கும் சாத்தியமாகும்.