தனுஷ்கோடி பேய் ஊரா? - ஒரு புலம்பல்

நண்பர் ஒருத்தர் ஜோடியா பாரிஸ், ரோம், சுவிஸ் ஏரின்னு சுத்திட்டு வந்து போட்டோவா காட்டித் தள்ளிட்டார். தங்கமணிக்கு ஒரே ஏக்கம். நம்ம பர்ஸுக்கு ராமேஸ்வரம்தான்னு கிளம்பிட்டோம் :-)

பாம்பன்ல, 1914-லேர்ந்து உழைச்ச பழைய ரயில் பாலத்துக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுமாம். தங்கமணி வாயைத் திறந்தவங்க மூடலை.

அடுத்து தனுஷ்கோடி. இங்கதான் மனசு கெட்டுப்போச்சு. இடிஞ்ச சர்ச் சுவர்ல ஹார்ட் வரைஞ்சு ஜோடிப் பேரு கிறுக்கியிருக்காங்க. ஒரு பையன் "கோஸ்ட் டவுன் மச்சி"ன்னு கத்திக்கிட்டே வீடியோ எடுக்கறான். சங்கு மாலை வித்த அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "பேயெல்லாம் இல்ல தம்பி. நாங்கதான் இருக்கோம்."

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரோட, பாம்பன்லேர்ந்து வந்த பாசஞ்சர் ரயிலும் போச்சு. வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் சொன்ன பிறகும் மீனவங்க திரும்பி வந்து குடிசை போட்டாங்க.

இத்தாலியில பாம்பேயி எரிமலையில புதைஞ்சது கி.பி. 79-ல. அங்கே செத்தவங்களுக்காக அழ இன்னிக்கு ஆள் இல்லை. ஆனாலும் டிக்கெட் வாங்கி, குரலைத் தாழ்த்தி நடக்கறோம். இங்கே அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைங்க இன்னும் உயிரோட இருக்காங்க. இங்கேதான் ஆணியால பேரு கிறுக்கறோம்!

போங்க, ஜோடியாவே போங்க. பொரிச்ச மீன் வாங்கிச் சாப்பிடுங்க. "பேய் ஊரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க மக்கா. அது அவங்க வீடு.