ஊதலுக்கு உரிய ஊதியம்



ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதனை அடுத்துள்ள காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளிலும் வாழும் உங்களுட் பலர், கால்பந்தை வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்தவர்கள். கன்டோன்மென்ட் என வழங்கும் இத்தண்டுப் பகுதித் தமிழருக்கும் அவ்விளையாட்டுக்கும் உள்ள உறவு நெடியது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், பெங்களூரின் சாரங்கபாணி ராமன் அடித்தது. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே உண்டு. நடுவருக்கும் ஒரு சிலை எழுப்புக என்று நான் கேட்கவில்லை. பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்துவோர், செலவுத் திட்டத்தின் முதல் வரியில் நடுவர் ஊதியத்தை எழுத வேண்டும் என்பதே என் கருத்து. இப்போது அது கடைசி வரியில் நிற்கிறது. சில வேளைகளில் வரியே இல்லை.

நடுவர் என்னும் சொல்லை நோக்குங்கள். இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர் நடுவர். திருக்குறளில் பன்னிரண்டாம் அதிகாரத்தின் பெயரே நடுவு நிலைமை. இங்கிலாந்தில் கால்பந்து தோன்றிய காலத்தில் நடுவர் என ஒருவர் இலர். அணித்தலைவர் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டனர். பிறகு அணிக்கு ஒருவராக இரு கண்காணிப்பாளர் வந்தனர். அவர்கள் ஒத்துப்போகாதபோது முறையிடுவதற்காகக் களத்துக்கு வெளியே மூன்றாமவர் ஒருவர் நின்றார். 1891ஆம் ஆண்டில்தான் அவர் களத்தினுள் வந்தார். தத்தம் அணிக்குத் தாமே நீதி வழங்கும் முறை நிலைக்கவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நம் பள்ளிப் போட்டிகளோ பல வேளைகளில் அப்பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. வெளியிலிருந்து நடுவர் வாராவிடில், போட்டியை நடத்தும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே ஊதலை எடுக்கிறார். அவர் எத்துணை நேர்மையாளராயினும், தோற்ற பள்ளியின் பிள்ளைகள் ஐயத்தோடுதான் வீடு திரும்புவர். அவரும் கிடைக்காவிடில் ஆட்டங்கள் குறைக்கப்படும். நான் பணியாற்றிய ஊர்களில் கண்டவரை, அவ்வாறு முதலில் கைவிடப்படுவது இளைய பிரிவுச் சிறுமியரின் ஆட்டமே.

ஒரு கணக்குப் போடுவோம். எட்டு அணிகள் மோதும் வெளியேற்று முறைப் போட்டியில் ஏழு ஆட்டங்கள் உண்டு. ஆட்டத்துக்கு ஒரு நடுவரும் இரு துணை நடுவரும் எனில், இருபத்தொரு முறை ஆள் வேண்டும். நடப்பில் மூவரோ நால்வரோ காலை முதல் மாலை வரை வெயிலில் ஓடி அதனை முடிக்கின்றனர். அன்று அவர்கள் பெறுவது பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் எனில், மறு ஆண்டு அவர்களை எதிர்பார்ப்பது எவ்வாறு தகும்? "பிள்ளைகளுக்காகச் செய்யும் சேவைதானே!" என்பர் சிலர். பந்தல் போட்டவரும் சான்றிதழ் அச்சிட்டவரும் சேவை செய்வதில்லை. அவர்களிடம் யாரும் அதனைக் கேட்பதும் இல்லை. மேடையில் சிறப்பு விருந்தினருக்கு மைசூர்ப் பேட்டா, சால்வை, சந்தன மாலை, பழக்கூடை என எதற்கும் குறைவிராது.

தக்க ஊதியம் தருவது இயலாததன்று. 2018ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் வாரியம் உள்நாட்டுப் போட்டி நடுவர்களின் ஊதியத்தை இருமடங்காக்கியது. முதல் வரிசை நடுவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். பள்ளிகள் அத்தொகையைத் தர இயலாது. தம் அளவுக்கேற்ற ஒரு தொகையை முன்னரே அறிவித்துத் தரலாம் அல்லவா?

பணம் நடுவரை வரவழைக்கும். நிலைக்க வைக்க அது மட்டும் போதாது. 2019 மார்ச் 28 அன்று சின்னசாமி அரங்கில் நடந்த ஆட்டத்தை உங்கள் அண்ணன்மார் மறந்திரார். மலிங்கா வீசிய கடைசிப் பந்தில் அவரது கால் கோட்டைத் தாண்டியது. நடுவர் அதனைக் காணவில்லை. பெங்களூர் அணி 6 ஓட்டங்களில் தோற்றது. அணித்தலைவர் கோலி வெளிப்படையாகவே சினந்தார். அந்நடுவர் எஸ். ரவி, உலகின் தலைசிறந்த நடுவர் குழுவில் இடம்பெற்றவர். இதே பெங்களூரில் பிறந்தவர். மறு ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் அக்கோட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு, படக்கருவியோடு அமர்ந்த மூன்றாம் நடுவருக்கு அளிக்கப்பட்டது. பள்ளித் திடலில் நிற்பவருக்கோ மூன்றாம் நடுவர் இல்லை, படக்கருவி இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிடும் பெற்றோர் மட்டும் உண்டு.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில், 2018க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகினர். ஊதியம் பெற்றவர்கள்தாம், வசைமொழிக்கு அஞ்சியே பலர் போயினர். இங்கிலாந்தில் 2023இல் உள்ளூர்க் கால்பந்து நடுவர்தம் மார்பில் படக்கருவி பொருத்திச் சோதனை தொடங்கினர். எனக்கு அவ்வழியைவிட 2024 ஐரோப்பியக் கோப்பையில் கண்ட முறையே பிடித்திருக்கிறது: முடிவு குறித்து நடுவரிடம் பேச அணித்தலைவருக்கு மட்டுமே உரிமை. இதற்குக் காசே செலவில்லை. பெற்றோரைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தவும் பெரிய செலவாகாது.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு விதிகளைக் கற்பித்து, இளையோர் ஆட்டங்களில் துணை நடுவராக நிறுத்தலாம். அவர்களுக்கும் சிறு ஊதியம் வேண்டும். அருகில் மூத்த நடுவர் ஒருவரும் நிற்க வேண்டும். தமிழகத்தின் கே. சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். இவர்களும் எங்கோ ஒரு சிறு திடலில்தான் முதன்முதலாக ஊதலை வாயில் வைத்திருப்பர்.

மற்றொன்று: ஊதியத்தை அன்றே தர வேண்டும். "அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்பது, வாராதே என்று சொல்வதற்கு நிகர். விருந்தினர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். ஆகவே இறுதி ஆட்டத்தின் கடைசி ஊதலுக்கும் பரிசளிப்புக்கும் இடையிலேயே அவ்வுறை அவர் கைக்குச் சென்றுவிட வேண்டும்.