திறப்புக் கோவையை ஒப்படைத்தாற் போதுமா?

நமது கிராமங்களிலே கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றுக்குப் புதிய முகாமையாளர் வந்து சேரும் விதத்தை விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். நேற்றுவரை தராசடியில் நின்ற இளைஞரின் கையிலே இன்று நியமனக் கடிதமும் திறப்புக் கோவையும் கொடுக்கப்படுகின்றன. "இனி எல்லாம் உமது பொறுப்பு" என்று கூறிவிட்டுப் பெரியவர்கள் போய்விடுகின்றனர். சில மாதங் கழித்து இருப்பெடுக்கும்போது கணக்கிலே குறைவு காணப்படுகின்றது. சம்பளத்தில் வெட்டு விழுகின்றது. பிணை நின்றவர் வீட்டுக்குக் கடிதம் போகின்றது. ஊர் அவரைக் கள்ளன் என்கின்றது.

கள்ளருக்காக வாதாட நாம் முன்வரவில்லை. ஆனால், களவுக்கும் அறியாமைக்கும் உள்ள வேறுபாட்டை உணராத சங்கம் கள்ளனைப் பிடிக்கவும் மாட்டாது. நல்லவனைக் காக்கவும் மாட்டாது.

சிறிய கணக்கொன்றைப் பாருங்கள். ஐம்பது கிலோச் சீனி மூட்டையை 250 கிராம் பொட்டலங்களாக நிறுத்தால், தராசு இருநூறு முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் இரண்டே கிராம் கூடுதலாகப் போனால், ஒரு மூட்டையில் 400 கிராம் மறைந்துவிடும். 18 வீத ஈரத்தோடு நிறுத்தெடுத்த 100 கிலோ நெல், 14 வீதத்துக்கு உலர்ந்ததும் ஏறக்குறைய 95 கிலோவாகிவிடும். எவரும் திருடவில்லை, வெயிலே எடுத்துக்கொண்டது. நெல் விதைத்தவனுக்கு இது தெரியும். ஆனால், ஏற்ற நாளின் ஈரத்தையும் ஏட்டிலே குறித்துவைக்க வேண்டுமென்று புதிய முகாமையாளருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

ஏட்டைக் காட்டிலும் கடினமானது மனிதரை நடத்துவது. நேற்றைய தோழர்களுக்கு அவர் இன்று மேலாளர். காலந்தாழ்த்தி வருபவரைக் கண்டித்தால் "பதவி வந்ததும் தலைக்கனம்" என்பர். கண்டியாவிட்டால் கடை பாழாகும். பணிப்பாளர் சபை உறுப்பினரின் மைத்துனர் கடனுக்குப் பசளை கேட்கிறார். 'இல்லை' என்று சொல்ல அந்த இளைஞருக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பின்னாற் சபை நிற்க வேண்டும். பல இடங்களில் நிற்கிறதா?

1844ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இருபத்தெட்டுத் தொழிலாளர் சிறு கடையொன்றைத் திறந்தனர். பின்னர் அவர்கள் தமது ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். கல்வியின்றிக் கூட்டுறவு நில்லாது என்பதை ஏழைகளாகிய அவர்கள் உணர்ந்திருந்தனர். நாமும் இவ்வியக்கத்துக்குப் புதியவர்களல்லர். மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவிய மக்கள் நாம். கூட்டுறவுத் தலைவர் வீரசிங்கத்தின் பெயர் தாங்கிய மண்டபம் யாழ் நகரின் நடுவே நிற்கின்றது. மண்டபம் இருக்கின்றது, அவர் போன்றோர் உருவாவதற்கான பயிற்சி இருக்கின்றதா?

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கூட்டுறவை மாகாணங்களுக்குரிய விடயங்களுட் சேர்த்தது. அதிகாரம் வேண்டுமென்று குரலெழுப்பும் நாம், கைக்கெட்டிய நிருவாகத்தைத் திறம்பட நடத்திக் காட்டும் கடமையும் உடையோம். பொல்கொல்லையிலே தேசிய கூட்டுறவு அபிவிருத்தி நிறுவகம் உண்டு. வகுப்பும் சான்றிதழும் வேண்டியவையே. எனினும், ஐயந் தோன்றிய மாலைப்பொழுதிலே "அண்ணை, இந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?" என்று கேட்பதற்கு அருகிலே ஒருவர் இல்லாவிடின், வகுப்பிற் கற்றது வகுப்போடு போய்விடும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பழைய முகாமையாளரும் புதியவரும் இருப்பைச் சேர்ந்தெண்ணி ஒப்பமிட்டு, குறைந்தது இரண்டு வாரம் ஒன்றாகப் பணியாற்றட்டும். முதல் ஆறு மாதமும் அயற் சங்கத்தின் அனுபவசாலி ஒருவர் மாதந்தோறும் வந்து இருப்பையும் ஏட்டையும் பார்த்துத் திருத்தட்டும். அது தண்டிப்பதற்காக அன்று, கற்பிப்பதற்காக. கடன் கொடுப்பது சபையின் எழுத்து மூலமான தீர்மானத்தின்படியே நடக்கட்டும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனிதர் வேண்டும். ஓய்வுபெற்ற கணக்காளரே, வங்கி உத்தியோகத்தரே, ஆசிரியரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை உங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கொடுக்கலாகாதா?

விவசாயத் தோழர்களே! நட்ட புகையிலைக் கன்றை முதல் நாட்களில் வெயிலுக்கு மறைத்து, நீர் வார்த்துக் காக்கிறீர்கள். வாடியபின் கன்றைத் திட்டுவதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில், ஐந்தொகை வாசிக்கப்படும்போது எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "புதிய முகாமையாளரின் பயிற்சிக்குச் சென்ற ஆண்டில் எத்தனை ரூபா செலவிட்டீர்கள்?"

விடை பூச்சியமானால், குறைவு எங்கே இருக்கின்றது என்பது சபைக்கு விளங்கிவிடும்.