ஆட்டுக்கு யார் டாக்டர்?

2012-ல் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. சங்கரன்கோவில் மாணவர்களுக்குப் பஸ் தூரம்தான்.

ஐந்தரை வருடப் படிப்பில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. மருத்துவம், அறுவை சிகிச்சை, ஈனியல் என்று துறை துறையாகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்ததும் "மேல்படிப்பா? நாய், பூனை வைத்தியம்தான்!" என்பவர்கள் உண்டு. தப்பில்லை, நகரத்தில் காசு இருக்கிறது.

ஆனால் இங்கே கரிசல்காட்டில் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பே சில நாட்களில் காலி. ஆடுதானே அவர்களுக்கு பேங்க்! தடுப்பூசி இருக்கிறது. நேரத்துக்குப் போட ஆள் வேண்டுமே? நோய் வந்தபின் ஓடுவதைவிட, வராமல் காப்பதும் வைத்தியம்தான்.

நாய் வைத்தியம் படிக்கட்டும். அதற்கு முன் நாலு நாள் ஆட்டுக்கிடையில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.