பியருக்கொரு நீதி, கள்ளுக்கொரு நீதியா?

பியர் அருந்துபவர் களைப்பாறுகிறார். கள்ளுக் குடிப்பவன் வெறிக்கிறான். இப்படித்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். முன்னவருக்கு ‘ஆர்’ விகுதி, பின்னவனுக்கு ‘ஆன்’ விகுதி. இலக்கணமுங்கூடச் சாதி பார்க்குமோ என்று கேட்டால் நீங்கள் சிரிக்கக்கூடும். ஆயினும், இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களிலே சொல்லை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ஒன்று தெரியும்: சொல் எங்கே வழுக்குகிறதோ அங்கேதான் வழக்கு இருக்கிறது.

நான் மதுவிலக்குப் பிரசாரகன் அல்லன். மதுவுக்காக வாதாட வந்தவனும் அல்லன். சம்பளம் கைக்கு வந்த அன்றே அது கசிப்புக்காரனின் வீட்டைத் தேடிப் போவதால் அழிந்த குடும்பங்களைத் தாபரிப்பு வழக்குகளிலே கண்டுவருகிறேன். மதுக்கடை எங்கள் கிராமத்துக்கு வேண்டாம் என்று வீதியில் இறங்கும் தாய்மாருக்கு எதிராக ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வராது. ஆனால், அளவோடு அருந்திய சில குவளைகள் என் நினைவிலே இனிமையாக நிற்கின்றன என்பதை மறைத்து, பொதுமேடைக்கு ஒரு முகமும் வீட்டுக்கு ஒரு முகமுமாக நடப்பதற்கும் நான் ஆயத்தமில்லை.

அவற்றுள் முதலாவது நுவரெலியாவிலே. தோட்டத் தொழிலாளர் சிலரின் வேலைநீக்க வழக்குக்காகத் தொழில் நியாயசபைக்குப் போயிருந்தோம். மார்கழி மாதம், மழை காலையிலே தொடங்கி மாலைவரை ஓயவில்லை. அன்று எங்கள் பக்கம் சாட்சியம் நன்றாக நடந்தது. இரவு, தங்கியிருந்த விடுதியிலே, என் மூத்த சட்டத்தரணி ஒருவர் லயன் ஸ்ரவுட் ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கிளாசுகளிலே வார்த்தார். இறைச்சிக் கறியும் உறைக்கும் சம்பலும் மேசையில் இருந்தன. கோப்பியைப் போன்ற கறுப்பு, நுரையோ பழுப்பு. முதலிற் கசப்பு, பின்னர் கருகிய சீனியின் வாசம், கடைசியிலே நெஞ்சுக்குள் இறங்கும் வெப்பம். முளைவிட்ட பார்லியை வறுத்து, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, நொதிக்கவைத்து எடுக்கும் இந்தப் பானத்திலே மதுசாரம் 8.8 சதவீதம். சாதாரண லயன் லாகரிலே 4.8 சதவீதந்தான். ஆகவே ஒரு கிளாசுடன் நிறுத்திக்கொள்வது புத்தி, நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

மைக்கல் ஜக்சன் என்றொரு ஆங்கில எழுத்தாளர் இருந்தார். பாட்டுக்காரர் அல்லர், உலகமெங்கும் அலைந்து பியரைப் பற்றியே எழுதியவர். 2007இலே காலமானார். இலங்கையின் இந்தக் கறுத்த பியரை அவர் புகழ்ந்து எழுதியதனாலே, இதன் பெயர் மேல்நாடுகளிலே தெரியவந்தது. வெள்ளைத் தோட்டத்துரைமாரின் தாகத்துக்காக மலைநாட்டிலே தொடங்கிய ஒரு வடிப்பு, இன்று நம் நாட்டின் பெருமை என்று விருந்தாளிகளுக்குக் காட்டப்படுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சரக்கு, நல்ல பெயர். என் கேள்வி வேறு.

கொழும்பிலே, தொழிற்றுறைப் பெரியவர்கள் கூடும் கழகமொன்றில் ஒருமுறை விருந்து நடந்தது. மேசையிலே குளிர்ந்த பியர். பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியபோது, நம்மவர் ஒருவரே, மூன்றாவது கிளாசைக் கையில் ஏந்தியபடி, “இன்னமும் உங்கள் பக்கத்துச் சனம் கள்ளுத்தான் குடிக்கிறதோ?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பியர் பார்லியின் நொதி. கள் பாளையின் நொதி. ஒன்று வாங்கிவந்த தானியத்திலிருந்து ஆலையிலே வருவது. மற்றையது நம் வேலியிலே நிற்கும் மரத்திலிருந்து வருவது. மதுசாரத்தைப் பார்த்தால் பனங்கள் சாதாரண பியருக்கு ஏறத்தாழச் சமானமே. அந்தக் கறுத்த ஸ்ரவுட்டுக்கு மிகக் குறைவே. அப்படியிருக்க, முகச்சுளிப்பு எதற்கு? பானத்துக்கா, அதை இறக்குகிறவனுக்கா?

விடை நம் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலே சீவல் தொழில் சாதியோடு கட்டப்பட்ட தொழில். அவன் இறக்கிய கள்ளை விடியற்காலையிலே ஆவலோடு குடித்த வாய், அவனுடைய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. அவன் முட்டியைத் தொட்டால் தீட்டில்லை. அவன் தேநீர்க் கடையிலே கிளாசைத் தொட்டால் தீட்டு. இந்த விந்தையான தர்மசாத்திரத்தை எந்தப் பண்டிதர் இயற்றினாரோ நான் அறியேன். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்குப் போராடவேண்டியிருந்தது. 1968இலே மாவிட்டபுரத்தில் நடந்தவை இன்னும் மறக்கப்படவில்லை. உரிமையைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசுகின்ற நாம், இந்தக் கணக்கை நம் ஏட்டிலிருந்து கிழித்துவிட முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்றைக்கும் அடிப்படை. அந்நிய ஆட்சியிலே, வருமானத்தைக் கண்ணாகக் கொண்டு எழுதப்பட்டது. அதை ஒட்டி ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது தென்னிலங்கையிலே பெரிய மதுவிலக்கு இயக்கம் கிளம்பிற்று. பின்னர் தேசியத் தலைவர்களாகியோர் பலர் அந்த மேடைகளிலேதான் அரசியல் பயின்றார்கள். அச்சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கள்ளை விற்பது மட்டுமன்று, பாளையைச் சீவுவதே குற்றம். வேலியும் உன்னுடையது, மரமும் உன்னுடையது, ஏறும் காலும் உன்னுடையது. ஆனால் சாறு மட்டும் அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கவேண்டும்!

(இச்சட்டத்தின் கீழே, விதிகள் அமைச்சரின் பேனாவினாலேயே பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும். பெண்களுக்கு மது விற்கலாகாது என்று முன்னர் போடப்பட்ட விதியை 2018 தை மாதத்திலே நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். பாராளுமன்றம் வாய் திறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.)

மறுபக்கத்தைப் பாருங்கள். யுத்தம் முடிந்த பின்னர் நம் மாவட்டங்களிலே வீதிக்கு வீதி போத்தற் கடைகள் வந்துவிட்டன. 2024இலே மதுக்கடை அனுமதிப்பத்திரங்கள் அரசியற் சிபாரிசின் பேரில் வழங்கப்பட்டனவென்று நாடெங்கும் பேசப்பட்டு, பாராளுமன்றத்திலே பட்டியலும் வைக்கப்பட்டது. சிபாரிசு செய்தவர் எக்கட்சி என்பதிலே எனக்கு அக்கறையில்லை. பியர்க் கடைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத ஆள் இருக்கிறது. பனை ஏறுகிறவனுக்கு ஒரு கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்?

ஏறுகிறவன் செய்வது என்னவென்று அறியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கவேண்டும். காலிலே தளைநார், இடுப்பிலே கத்திக்கூடும் முட்டியும். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் மெல்லிய தகடாகச் சீவவேண்டும். ஒருநாள் தவறினாற் சாறு நின்றுவிடும். காய்ச்சலென்று அவன் படுத்துக்கொள்ள முடியாது. முட்டியிலே சுண்ணாம்பு பூசினால் நொதியாது, கருப்பநீராக இறங்கும். பூசாவிட்டால் காற்றிலுள்ள நொதியமே சில மணி நேரத்திற் கள்ளாக்கிவிடும். மறுநாளைக்கு வைத்தாற் புளித்துப்போகும். பியர் ஆலைக்காரன் மாதக்கணக்கிலே சரக்கை வைத்து விற்பான். இவன் அன்றைய பொழுதுக்குள் விற்கவேண்டும். 1970களிலே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்து, கள்ளை ஒன்றாகச் சேர்த்து விற்கவும் பின்னர் போத்தலில் அடைக்கவும் தொடங்கியதனாலே தொழிலாளிக்குச் சற்று மூச்சு வந்தது. அதைச் செய்தவர் தொழிலாளரே, கனவான்கள் அல்லர்.

வடமராட்சியிலே ஒரு தொழிலாளி. பெயர் வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பனை ஏறியவர். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையிலே, ஈரமரத்திலே தளைநார் வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டு முறிந்தது. நட்டஈடு கேட்க முடியுமா என்று அறிய அவருடைய மகள் என்னிடம் வந்தாள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் பார்த்தேன். அச்சட்டம் கைகொடுக்கவேண்டுமானால் வேலைகொள்வோன் ஒருவன் இருக்கவேண்டும். இவருக்கு யார்? மரம் பலருடையது, குத்தகைக்கு எடுத்தவர் இவர். கள்ளை வாங்கியது சங்கம். சங்கத்தின் அங்கத்தவரும் இவரே. தமக்குத் தாமே முதலாளி என்று சட்டம் சொல்கிறது. அந்த முதலாளி இப்போது கயிற்றுக் கட்டிலிலே கிடக்கிறார். பியர் ஆலையிலே ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் அகப்பட்டால் அவனுக்கு அந்தச் சட்டத்தின் வாசல் திறந்திருக்கும். அது நியாயமே. இவருக்கோ தட்டுவதற்கே கதவில்லை.

அவர் விழுவதற்கு முந்திய ஆண்டு, ஒரு காணித் தகராறைப் பேசித் தீர்க்க அந்த ஊருக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். வடலியின் நிழலிலே உட்கார வைத்து, அப்போதுதான் இறக்கிய கள்ளை எடுத்து வந்தார். “ஐயா பிளாவிலையோ குடிப்பியள்? வீட்டிலை கிளாஸ் கிடக்கு, கழுவிக்கொண்டு வரட்டோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தயக்கத்துக்குள்ளே எத்தனை தலைமுறைகளின் அவமானம் இருந்தது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. “பிளாவிலேயே வாருங்கோ அண்ணை” என்றேன். ஓலை வாசமும் இளம் புளிப்பும் மெல்லிய இனிப்பும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சியை, பொரித்த மீனோடு, இரண்டு பிளா குடித்தேன். நுவரெலியாவின் ஸ்ரவுட் சிறந்தது என்று மேலே எழுதினேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆயினும், இரண்டில் ஒன்றைத்தான் இனிமேல் அருந்தலாம் என்று நீதிமன்றம் கட்டளையிட்டால், நான் தயங்காமல் வடலி நிழலுக்கே போவேன்.

இனி, செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1987இலே வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின் ஒன்பதாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாகாணசபை நிரலிலே கூட்டுறவு இருக்கிறது. அதே நிரலிலே, வருமான வழிகளின் வரிசையில், கள்ளுக் குத்தகையும் சீவல் அனுமதிக் கட்டணமும் மதுபான அனுமதிக் கட்டணமும் சொல்லப்பட்டிருக்கின்றன. காணியும் பொலிசும் கேட்டு நாம் வாதாடிக்கொண்டிருப்பது சரியே. அவை பெரிய உரிமைகள். ஆனால் ஏட்டிலே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் இந்தச் சிறிய வரியை நம்மவர் எவரும் பெரிதாக எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. போத்தற் கடைகளின் அனுமதிக் கட்டணத்திலே ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி, மரத்திலிருந்து விழும் தொழிலாளிக்கும் அவனுடைய குடும்பத்துக்குமாக ஒரு நிதியத்தைக் கூட்டுறவுச் சங்கங்களினூடாக நடத்தலாம். பியர் விற்கிற கடை பனை ஏறுகிறவனுக்குக் கட்டுக்கட்டட்டும். சாதாரண நியதிச்சட்டம் ஒன்று போதும். அரசியலமைப்பை மாற்றவேண்டியதில்லை, கொழும்பிலே பேச்சுவார்த்தை மேசையும் வேண்டியதில்லை.

அடுத்த மாகாணசபைத் தேர்தலிலே வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் திறந்துகொண்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். என் கட்சிக்காரர் வந்தாலுங்கூடக் கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்ற விடையை எழுத்திலே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.